பனங்கட்டித் தொழிலும் எரிபொருட் சிக்கனமும்

உணவுப் பொருள்களை ஆக்கி விற்கும் தொழிலில் பெரும்பகுதி, நீரைப் போக்கும் தொழிலேயாகும். கடல்நீரிலிருந்து நீரைப் போக்கினால் உப்பு. கருப்பநீரிலிருந்து போக்கினால் பனங்கட்டி. மீனிலிருந்து போக்கினால் கருவாடு. பனங்கிழங்கிலிருந்து போக்கினால் ஒடியல். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வழிவழியாக நடந்துவரும் உணவுக் கைத்தொழில்கள் பலவும் இந்த ஒரே செயலின் பல வடிவங்களே. நீரைப் போக்குதற்கு வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு வீணாகிறது என்னும் வினாவிலேதான் தொழிலின் இலாபநட்டம் அடங்கியிருக்கிறது. வானிற் சேரும் கரியமில வாயுவின் அளவும் அதே வினாவைப் பொறுத்ததே.

கணக்கு எளியது. 30 பாகை வெப்பநிலையிலுள்ள ஒரு கிலோகிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வெப்பம் போதும். கொதித்த அந்நீர் முழுவதையும் ஆவியாக்குவதற்கோ மேலும் 540 கிலோகலோரி வேண்டும். நீரைக் கொதிக்கவைப்பது எளிது. வற்றச்செய்வதே செலவு மிக்கது.

இச்செலவை ஞாயிற்றின்மீது சுமத்திய தொழிலுக்குக் குடாநாட்டின் வாயிலான ஆனையிறவு உப்பளம் சான்றாகும். கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரைப் பங்கே உப்பு. ஒரு கிலோகிராம் உப்பைப் பெற ஏறக்குறைய 27 கிலோகிராம் நீர் ஆவியாக வேண்டும். சற்றும் வீணாகாத அடுப்பொன்று இருப்பினும் அதற்கு நாலரைக் கிலோகிராமுக்கு மேற்பட்ட உலர்ந்த விறகு வேண்டியிருக்கும். உப்புப் பாத்திகளிலோ வெயிலும் சோளகக் காற்றும் அவ்வேலையைக் கூலியின்றிச் செய்கின்றன. போர்க்காலத்தில் நெடுங்காலம் நின்றுபோன அவ்வுப்பளத்தில், 2025ஆம் ஆண்டு உப்புத் தொழிற்சாலையொன்று திறக்கப்பட்டது. இயந்திரங்கள் புதியன, நீரைப் போக்கும் முறையோ பழையதே. அதனை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை.

கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும், பழக்களியைப் பாயிலே ஊற்றி உலர்த்திய பனாட்டும் இவ்வகையினவே. இவற்றில் தூசியும் ஈயும் எதிர்பாரா மழையும் ஓரளவு இழப்பை உண்டாக்குகின்றன. கண்ணாடியோ ஒளிபுகும் தகடோ வேய்ந்து, கீழே காற்று நுழையவும் மேலே ஈரக்காற்று வெளியேறவும் வழிவிட்ட உலர்த்தியை அமைத்தால் இவ்விழப்புக் குறையும். உலரும் காலமும் சுருங்கும். வெயிலிருக்க மின்சாரத்தால் உலர்த்துவது, வீட்டில் நெய்யிருக்க வெளியே அலைவதை ஒக்கும்.

பனங்கட்டியோ வெயிலுக்குக் காத்திராது. கருப்பநீர் விரைவிற் புளிக்கும் இயல்புடையது. முட்டியிற் பூசிய சுண்ணாம்பு அதனைச் சிறிது நேரமே காக்கும். ஆகவே, இறக்கிய அன்றே அதனைக் காய்ச்சியாக வேண்டும். கருப்பநீரில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு சர்க்கரை என்று கொண்டால், ஒரு கிலோகிராம் பனங்கட்டிக்கு ஏறக்குறைய எட்டுக் கிலோகிராம் நீரை வற்றச்செய்தல் வேண்டும். அதற்குரிய வெப்பம் ஏறத்தாழ 4,900 கிலோகலோரி. உலர்ந்த விறகு கிலோகிராமுக்கு 3,500 கிலோகலோரி தரும் எனின், சுமார் ஒன்றரைக் கிலோகிராம் விறகே போதும். ஆயின், திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கே தாச்சியைச் சேர்கிறது என வைத்துக்கொண்டால், பத்துக் கிலோகிராம் விறகு எரிகிறது. எஞ்சிய எட்டரைக் கிலோகிராமும் காற்றைச் சூடாக்கி, காய்ச்சுகின்ற பெண்களின் கண்ணைக் கரிக்கும் புகையாகப் போய்விடுகிறது.

இவ்விழப்பைக் குறைக்கும் வழிகள் பல. முதலாவது, விறகை நன்றாக உலர்த்துதல். ஈரவிறகு தன் ஈரத்தைப் போக்கவே தன் வெப்பத்திற் பெரும்பங்கைச் செலவிடும். இரண்டாவது, நெருப்பைச் சுற்றிச் சுவரெழுப்பி, அடியில் இரும்புத் தட்டும் பின்னே புகைபோக்கியும் அமைத்தல். மூன்றாவது, ஒரே நெருப்பின் வழியிற் பல தாச்சிகளை வரிசையாக ஏற்றுதல். முதல் தாச்சியிற் பாகு இறுகும்போது, புகைபோக்கியை நோக்கிச் செல்லும் சூடான புகை அடுத்த தாச்சிகளிலுள்ள புதிய கருப்பநீரைச் சூடாக்கும். சேரும் வெப்பம் ஏழில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றாக உயர்ந்தாற்கூட, பத்துக் கிலோகிராம் விறகு ஆறுக்குக் குறைந்துவிடும்.

ஒரே வெப்பத்தைப் பலமுறை வேலைவாங்கும் இக்கொள்கையைப் பெருந்தொழிலிற் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சிற் பிறந்த நோர்பேட் ரில்லியூ ஆவார். கரும்புச் சாற்றைக் காய்ச்சும் ஒரு கலத்திலிருந்து எழும் ஆவியைக் கொண்டே, அழுத்தங் குறைந்த அடுத்த கலத்தைக் கொதிக்கவைக்கும் சாதனத்துக்கு அவர் 1843ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். இன்றைய சீனி ஆலைகளும் பாற்பொருள் ஆலைகளும் அவ்வழியையே பின்பற்றுகின்றன. கொதிகலன் வைத்திருக்கும் தொழிற்சாலைகளும் இதிலிருந்து கற்கலாம். ஆவிக்குழாய்களுக்கு வெப்பங்காக்கும் உறையிடுவதும், ஆவி குளிர்ந்து உண்டாகும் சுடுநீரை மீண்டும் கொதிகலனுக்கே அனுப்புவதும் பெருஞ்செலவில்லாத வேலைகள். கொதிகலனுக்குச் செல்லும் நீரின் வெப்பம் ஆறு பாகை உயர்ந்தால், எரிபொருளில் நூற்றுக்கு ஒரு பங்கு மிச்சமாகும் என்பது பொறியியலார் கண்ட பொதுவிதி.

இன்னொரு வழி கனடாவிலிருந்து கிடைக்கிறது. யாழ்ப்பாணத்து மக்கள் பலர் குடியேறியுள்ள அந்நாட்டில், மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிப் பாணி செய்கின்றனர். அச்சாற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே சர்க்கரை. ஒரு லீற்றர் பாணிக்கு ஏறத்தாழ 40 லீற்றர் சாறு வேண்டும். ஆதலின், உற்பத்தியாளர் பலர் சாற்றை மெல்லிய சவ்வின் வழியே அழுத்தி, நீரின் பெரும்பகுதியைப் பிரித்தெடுத்த பின்னரே அடுப்பேற்றுகின்றனர். நீர் ஆவியாகாமலே பிரிவதால் செலவு மிகக் குறைவு. வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் இம்முறையிலேயே இயங்குவது. கருப்பநீரை இவ்வாறு பாதியளவாகச் சுருக்கினால், வற்றச்செய்ய வேண்டிய நீர் எட்டுக் கிலோகிராமிலிருந்து நான்குக்கும் கீழே இறங்கும். ஆயின் சுண்ணாம்பைச் செவ்வையாக நீக்காவிடிற் சவ்வு அடைபட்டுவிடும். தனியொருவர் வாங்கக்கூடிய சாதனமும் அன்று அது. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் போன்ற அமைப்புகளே இதனைச் சோதித்துப் பார்த்தற்கு உரியன.

இனி, கரியமில வாயுவைப் பற்றிய கணக்கு. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோகிராம் கரியமில வாயு உண்டாகிறது. மின்சாரமும் குற்றமற்றதன்று, பளைப் பகுதியிற் காற்றாலைகள் சுழல்கின்றனவாயினும், நாட்டின் மின்வழங்கலில் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்துக்குப் பெரும் பங்குண்டு. விறகைப் பொறுத்தமட்டில், வெட்டிய மரத்துக்கு ஈடாக மரம் வளர்ந்தால் வெளிவந்த வாயு மீண்டும் மரத்திற் சேரும்; வளராவிடின் சேராது. காவோலையும் கங்குமட்டையும் ஊமலும் மரத்தை வெட்டாமலே பனை தரும் எரிபொருள்கள். போர்க்காலத்தில் எண்ணற்ற பனைகள் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்ட மண்ணில் இவ்வேறுபாடு சிறிதன்று. தாழ்ந்த சுண்ணக்கல் நிலமும், அதனடியில் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீருமே குடாநாட்டின் செல்வம். கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் உவராகும் கிணறுகள் இங்குள்ளவையே.

எரிபொருள் இன்றி வாழ்வது எத்தகையது என்பதைக் குடாநாட்டு மக்கள் பிறர் சொல்லி அறியவேண்டியதில்லை. 1990களில் தடையினால் எண்ணெய் அரிதாகி, மின்சாரமும் அற்றிருந்தது. 2022ஆம் ஆண்டு நாடெங்கும் எரிபொருளுக்கு நீண்ட வரிசைகள் நின்றன. அத்தகைய நாளில், பத்துக் கிலோகிராம் விறகெரிப்பவன் அடுப்பை அணைப்பான். ஐந்து எரிப்பவன் தொழிலைத் தொடர்வான். மலிவான சீனியோடு போட்டியிடும் பனங்கட்டிக் குட்டானுக்கு, அந்த ஐந்து கிலோகிராம் விறகின் விலையே வாழ்வும் தாழ்வுமாகும்.

இதற்கெல்லாம் முதற்படி பெரிய இயந்திரமன்று. அடுப்பருகில் ஒரு தராசு. எரித்த விறகையும் இறக்கிய பனங்கட்டியையும் நாள்தோறும் நிறுத்துக் குறித்துவரும் உற்பத்தியாளர், ஒரு பருவம் முடியுமுன்னே தம் அடுப்பின் குறையைத் தாமே அறிந்துகொள்வர். குறை தெரிந்தபின் அதனைத் திருத்தும் கைத்திறன் குடாநாட்டிற் குறைவில்லை.