வெனிலாப் பூவும் நம்ம கணக்கும்



ஐஸ்கிரீமில் மணக்கிற வெனிலா எங்கிருந்து வருது தெரியுமா? ஆர்க்கிட் குடும்பத்துக் கொடி ஒன்றிலிருந்து. சொந்த ஊர் மெக்சிகோ. மிளகுக்கொடி மாதிரி மரத்தைப் பிடிச்சு ஏறும்.

பூ இளம்பச்சை கலந்த மஞ்சள் நிறம். காலையில் விரியும், பிற்பகலில் வாடிடும். அந்த ஒரே நாள்தான் அதுக்கு ஆயுசு. பூவுக்குள்ளே மகரந்தம் சேர வேண்டிய இடத்தை ஒரு மெல்லிய தடுப்பு மறைச்சிருக்கும். அதனால் தோட்டத்தில் தானாகக் காய் பிடிக்கிறது அபூர்வம். 1841-ல் ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவன், சிறு குச்சியால் அந்தத் தடுப்பை விலக்கி, விரலால் மகரந்தத்தை ஒட்டிக் காட்டினான். இன்னைக்கும் அதே முறைதான். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கை வேணும்.

பச்சைக் காய்க்கு அந்த வாசம் கிடையாது. கொடியில் ஏறக்குறைய 9 மாசம் முத்தணும். பிறகு வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி, வெயிலில் காட்டி, மாதக்கணக்கில் பதப்படுத்தணும்.

2003 வாக்கில் பச்சைக் காய் கிலோ 3,000 ரூபாய்க்கு மேல் போச்சு. அதிகமா விளைகிற மடகாஸ்கரில் புயல் அடிச்சதும் ஒரு காரணம். கேரளா, கர்நாடகாவிலும் நம்ம பொள்ளாச்சிப் பக்கமும் பலர் கொடி நட்டாங்க. நட்ட கொடி பூக்கவே மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ளே மடகாஸ்கர் விளைச்சல் திரும்பிடுச்சு. கம்பெனிகளும் விலை குறைந்த செயற்கை வெனிலாவுக்கு மாறின. காய் விலை அடியோடு சரிஞ்சது. பலர் கொடியைக் கைவிட்டாங்க.

சகோதரிகளே, பூ மேல குத்தமில்லை, உழைப்பு மேலயும் குத்தமில்லை. இன்றைய விலையைப் பார்த்து, மூணு வருஷம் கழிச்சு வரும் வரவைக் கணக்குப் போட்டதுதான் தப்பு. வெனிலாவோ, காளானோ, கறவை மாடோ, கடன் கேட்கும்போது குழுக் கூட்டத்தில் மூணு கேள்வி கேளுங்க: வாங்குறது யார்? முதல் வருமானம் எப்போ? அதுவரைக்கும் தவணையை எதிலிருந்து கட்டுவோம்? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதிட்டுக் கையெழுத்துப் போடுங்க.