ஆலயமணியும் ஒலிபெருக்கியும்

(ஆலயத் திருவிழாவின் மூன்றாம் நாள் மாலை ஆற்றிய உரை)

 

ஒலியைப் பற்றிய முதல் பாடத்தை நான் கற்றது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில்தான். எங்கள் ஆசிரியர் இரண்டு பால் டின்களின் அடியில் துளையிட்டு, நூலைக் கோத்து, இழுத்துப் பிடிக்கச் சொன்னார். ஒரு முனையில் நான் மெல்லப் பேசியது, மறுமுனையில் நின்ற நண்பனுக்குக் கேட்டது. நூல் தொய்ந்ததும் பேச்சு நின்றது. ஒலி என்பது அதிர்வு; அது செல்ல ஓர் ஊடகம் வேண்டும் என்பது அன்றே என் மனத்தில் பதிந்தது.

ஆலயமணியை அடிக்கும்போது வெண்கலம் அதிர்கிறது. அவ்வதிர்வு அருகிலுள்ள காற்றை நெருக்கியும் தளர்த்தியும் விடுகிறது. அந்நெருக்கமும் தளர்ச்சியும் அடுத்தடுத்த காற்றுக்குக் கைமாறி, நம் செவிப்பறையை வந்தடைகின்றன. மணியருகே உள்ள காற்று நம்மிடம் ஓடி வருவதில்லை; அதிர்வு மட்டுமே வருகிறது. கண்ணாடிக் கலத்தினுள் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக் காற்றை வெளியேற்றியபோது அதன் ஓசை அடங்கியதை, ராபர்ட் பாயில் 1660ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார்.

நம் நாட்டு வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. மின்னலைக் கண்டு மூன்று நொடிகள் கழித்து இடி கேட்டால், அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் விழுந்தது எனக் கொள்ளலாம்.

இக்கணக்குக்கும் நமக்கும் என்ன தொடர்பு? சென்ற ஆண்டுத் திருவிழாவில் என் தாயார் வாயிலருகே அமர்ந்திருந்தார். "சத்தம் காதை அடைக்குதுப்பா, ஆனா, அவர் என்ன பேசுறாருன்னு ஒண்ணும் விளங்கலையே" என்றார். ஒலியைக் கூட்டச் சொன்னேன். இன்னும் மோசமாயிற்று. தவறு என்னுடையதே.

காரணம் எளிது. அவர் அருகே ஓர் ஒலிபெருக்கி. 70 மீட்டர் தள்ளி, மேடையருகே மற்றொன்று. மின்கம்பியில் செல்லும் செய்தி இரண்டையும் ஒரே கணத்தில் அடைகிறது. ஆனால், தொலைவிலுள்ளதன் ஒலி காற்றில் நடந்து வர ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகிறது. ஓர் அசையைச் சொல்லும் நேரம் ஏறத்தாழ அதுவே. எனவே, ஒரு சொல்லின் மீது முந்தைய சொல்லின் வால் வந்து விழுகிறது. விசையைத் திருகினால் இரண்டும் சேர்ந்தே உயரும், தெளிவு பிறக்காது.

பிறப்பது கேடு. டெசிபெல் அளவில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1998இல் வகுத்த அளவுப்படி, 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம். 100 டெசிபெலாயின் 15 நிமிடங்களே. உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஒலிபெருக்கியின் அடியில் விளையாடும் குழந்தைகளை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நிர்வாகக் குழுவினரிடம் மூன்று வேண்டுகோள்கள்: பெரிய பெட்டிகளுக்குப் பதிலாகச் சிறியவற்றைப் பரவலாக வைத்து, ஒலியைக் குறைப்போம். பின்வரிசைப் பெட்டிகளின் ஒலியை உரிய அளவு தாமதப்படுத்த ஒலியமைப்பாளரிடம் சொல்வோம். நிகழ்ச்சிக்கு முன் ஒருவர் கடைசி வரிசையில் நின்று கேட்டுப் பார்ப்போம்.

இறைவனுக்குக் கேட்க ஒலிபெருக்கி தேவையில்லை. அது அடியார்களுக்காகவே. அவர்களுக்குச் சொல் விளங்கட்டும். செவியும் நலமாய் இருக்கட்டும்.