ஏற்காட்டுச் சாலையில் ஒரு வளைவு



சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் ஒரு வளைவு நிற்கின்றது. ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ என்னும் பெயர் தாங்கிய அவ்வளைவின் பின்னே ஒரு காலத்தில் படப்பிடிப்புத் தளங்களும் ஒலிப்பதிவுக் கூடமும் இயங்கின. இன்று அங்கே குடியிருப்புகள் எழுந்துவிட்டன. வாயில் எஞ்சிற்று, அரண்மனை மறைந்தது.

திருச்செங்கோட்டு நூல் வணிகக் குடும்பத்தில் தோன்றி, இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பியவர் டி.ஆர். சுந்தரம். தமிழ்ப் படம் எடுக்க விரும்புவோர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பயணப்பட்ட காலம் அது. அந்நிலையில் சொந்த மண்ணிலேயே தளம் அமைக்கத் துணிந்தார் அவர். 1937இல் ‘சதி அகல்யா’ வெளிவந்தது. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ அந்நிறுவனத்தின் படைப்பாக வெளிவந்தது. 1940இல் ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாயிற்று. பல மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்நிறுவனத்தின் பெயரால் வெளிவந்தன.

ஆலையின் ஒழுங்கைக் கலைக்குள் கொணர்ந்தவர் சுந்தரம். கதைப் பிரிவு, இசைப் பிரிவு, ஒளிப்பதிவுப் பிரிவு என வேலை வகுக்கப்பட்டது. மாத ஊதியம் வழங்கப்பட்டது. நேரந்தவறாமை அங்கே எழுதப்படாத சட்டம். தறியில் நூல் ஓடுவது போலப் படச்சுருள் ஓடியது எனலாம்.

ஆயினும், கவிஞர்கள் நிறைந்த இவ்வவை சிறப்பாக எண்ணிப் பார்க்கத்தக்கது வேறொன்று உண்டு. அந்த ஆலைக்குள் தமிழ்ப் பாட்டு வாழ்ந்தது. மருதகாசியின் திரைவாழ்வு 1949இல் ‘மாயாவதி’ வழியாக அங்கேதான் தொடங்கிற்று. கவிஞர் கா.மு. ஷெரீப் அங்கே பாட்டெழுதினார், மு. கருணாநிதியைச் சுந்தரத்திற்கு அறிமுகம் செய்தவரும் அவரே. கண்ணதாசன் அங்கே பணியாற்றினார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாடல்கள் ‘பாசவலை’யில் ஒலித்தன. பாவேந்தரின் ‘எதிர்பாராத முத்தம்’ 1950இல் எல்லிஸ் ஆர். டங்கனின் இயக்கத்தில் ‘பொன்முடி’யாகத் திரையேறிற்று.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் இன்று முழுமையாகக் கிடைக்காதவை வளையாபதியும் குண்டலகேசியும். முன்னதில் 72 பாடல்களே எஞ்சியுள்ளன. பின்னதன் பாடல்களும் சிலவே கிடைக்கின்றன. காதலித்து மணந்த கள்வன் தன்னை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்லத் துணிந்ததை அறிந்து, வலம் வருவது போல் வந்து அவனையே தள்ளிய பெண்ணின் கதை குண்டலகேசியினுடையது. அக்கதையைத் தழுவிக் கருணாநிதி எழுதிய நாடகமே 1950இல் ‘மந்திரி குமாரி’ என்னும் படமாயிற்று. டங்கன் இடையில் தாயகம் திரும்பவே, எஞ்சிய பகுதியைச் சுந்தரமே இயக்கி முடித்தார். 1952இல் பாரதிதாசனின் உரையாடலோடு ‘வளையாபதி’ வெளிவந்தது. ஏடுகள் தொலைத்த இரு கதைகளை ஒரு சேலத்துத் தொழிற்கூடம் ஈராண்டு இடைவெளியில் எளிய மக்களின் செவிக்குக் கொண்டு சென்றது.

வீழ்ச்சியின் காரணங்கள் பல. 1950களில் நட்சத்திர நடிகர்களின் செல்வாக்கு வளர, மாத ஊதிய முறை தளர்ந்தது. கலைஞர்களும் வணிகமும் கோடம்பாக்கத்தில் குவிய, சேலம் தொலைவாயிற்று. கோவையின் பட்சிராஜா, சென்டிரல் ஸ்டுடியோக்களும் இவ்வாறே ஒளி மங்கின. 1963இல் சுந்தரம் மறைந்தார். அவர்தம் மைந்தர் இராமசுந்தரம் ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ போன்ற துப்பறியும் படங்களால் சில காலம் நிறுவனத்தைத் தாங்கினார். 1970களின் பிற்பகுதியில் படப்பிடிப்பு கிராமத்து வயல்வெளிக்குச் சென்றபோது, சுவர்களுக்குள் உலகம் சமைக்கும் தளங்களுக்குத் தேவை குறைந்தது.

இவை புறக்காரணங்கள். அகக்காரணம் ஒன்றும் உண்டு. எல்லா முடிவுகளும் ஒரே மனிதரிடம் குவிந்திருந்த அமைப்பு அது. அவருடைய கண்டிப்பே அதன் வலிமை. அதுவே அதன் எல்லையுமாயிற்று. தூண் ஒன்றே ஆன மண்டபத்திற்கு அத்தூணின் ஆயுளே ஆயுள்.

இதனினும் துயரமானது பாதுகாப்பின்மை. ‘பாலன்’ படத்தின் பிரதி ஒன்றும் இன்று இல்லை. பாட்டுப் புத்தகமும் சில நிழற்படங்களுமே அதற்குச் சான்று. தொலைந்த காப்பியங்களை மீட்டெடுத்த நிறுவனத்தின் படைப்பே தொலைந்த காப்பியமாயிற்று! குண்டலகேசியின் சில பாடல்களையேனும் புறத்திரட்டு காத்தளித்தது. படச்சுருளுக்கு அத்தகைய தொகுப்பாளர் வாய்க்கவில்லை.

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய அமைப்பிற்கு இவ்வரலாறு இரண்டு செய்திகளைத் தருகின்றது. பொறுப்பு பல தோள்களுக்குப் பகிரப்பட வேண்டும். இளையோர் வரவேற்புரைக்கு மட்டும் அழைக்கப்படாமல் முடிவெடுக்கும் இருக்கைக்கும் அழைக்கப்பட வேண்டும். அரங்கேறிய கவிதைகள் கைதட்டலோடு காற்றில் கரையாமல் தொகுக்கப்பட வேண்டும். இம்மலர் அத்தொகுப்பின் முதல் ஏடாகட்டும். வளைவு மட்டும் நின்றால் போதாது. அதன் வழியே உள்ளே செல்வோர்க்கு ஒரு வீடு இருத்தல் வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க இவ்வமைப்பு!