முன்சென்றவர் துணை



எங்கள் வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்ததை நீங்கள் அறிவீர்கள். கடலோடிகளுக்குத் திசைகாட்டி வேண்டும், தண்டையலும் வேண்டும். முன்னரே அலைகளைக் கண்டவர் அருகிருந்தாற் புதியவனுக்கு நெஞ்சுறுதி பிறக்கும். எச்.ஐ.வி. தொற்றியவர்களின் நிலையும் இத்தகையதே.

இந்நோய்க்கு இன்று நல்ல மருந்துண்டு. அது கிருமியை உடலினின்றும் முற்றாக அகற்றாது; ஆயினும் பெருகவிடாது தடுக்கும். நாள்தோறும் தவறாது குளிசை உட்கொள்பவர் நெடுங்காலம் வாழலாம். இரத்தத்திற் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால், உடலுறவு வழியே பிறருக்குத் தொற்றாது. நோய் உறுதியானவுடன் சிகிச்சையைத் தொடங்குக என உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. இலங்கையில் அரசாங்கம் இம்மருந்தை இலவசமாகவே வழங்குகின்றது.

அவ்வாறாயின் ஏன் சிலர் தயங்குகின்றனர்? தெரிந்தவர் கண்ணிற் பட்டுவிடுவோமோ என்ற அச்சமே பெருந்தடை. ஒருவரையொருவர் முறை சொல்லி அழைக்கும் எம்மூர் போன்ற சிற்றூர்களில் இவ்வச்சம் இருமடங்காகும். வைத்தியரின் சொல்லை அறிவு ஏற்கும், மனமோ, "என்போல் ஒருவர் பிழைத்திருக்கின்றாரா?" என்றே கேட்கும்.

அக்கேள்விக்கு விடையாக நிற்பவரே சகதுணைவர். இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையிலேதான் வைத்தியர் சுனிதி சாலமனாலும் அவருடைய மாணவி நிர்மலாவினாலும் கண்டறியப்பட்டது. அதே நகரில் 1998இல், தொற்றுக்குள்ளான கௌசல்யா என்னும் பெண்மணி, தம்மையொத்த பெண்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். தாம்பரம் அரசினர் மருத்துவமனை உள்ளிட்ட சில நிலையங்களில் 2004இல் இலவச மருந்து வழங்கப்படத் தொடங்குவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே எழுந்த துணை அது.

சகதுணைவர் வைத்தியருக்கு மாற்றாகார். முதல் நாளிற் சிகிச்சை நிலையத்துக்கு உடன் செல்வார். தொடக்க வாரங்களில் தோன்றக்கூடிய தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவற்றை முன்கூட்டியே உரைப்பார். குளிசை வேளையை மறவாதிருக்க வழி சொல்வார். நோயாளியின் சம்மதமின்றி அவர் பெயரை எவரிடமும் வெளியிடார். இந்நம்பிக்கை ஒருமுறை உடைந்தால், அவர் மீண்டும் அந்நிலையத்தின் படியேற மாட்டார்.

நேயர்களே, நாம் அனைவரும் சகதுணைவராக இயலாது. ஆனால் அயலவர் எந்த வைத்தியசாலை வாயிலில் நின்றார் என்று ஆராயாதிருக்க நம் ஒவ்வொருவராலும் இயலும். நாம் காக்கும் அம்மௌனம் ஓருயிரை மருந்தின்பாற் சேர்க்கக்கூடும்.