மோவாபியனும் மோவாபியப் பெண்ணும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல்காரனுக்கு வேதாகமத்தில் என்ன வேலை என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நாங்கள் ஏழெட்டுப் பேர், ஷிப்டு இல்லாத ஞாயிறு மாலைகளில் கூடிப் படிக்கிறோம். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே எல்லாரும் உண்டு. வாதம் கேட்பதற்கென்றே வரும் ஓர் ஐயங்கார் நண்பரும் உண்டு. தளிப் பக்கம் பசுமைக்குடில் வேலையாக வந்திருந்த இஸ்ரேலிய இன்ஜினியர் ஒருவர் மூன்று வாரம் எங்களோடு உட்கார்ந்தார். அவர் யூதர். அப்போது ரூத்தின் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது.

நான்கே அதிகாரம். மோவாப் தேசத்து விதவை ரூத், மாமியார் நகோமியோடு எல்லை தாண்டிப் பெத்லகேமுக்கு வருகிறாள். வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கிப் பிழைக்கிறாள். போவாசை மணந்து, தாவீது ராஜாவுக்குக் கொள்ளுப்பாட்டி ஆகிறாள். "இந்தப் பொண்ணு ஓசூருக்கு வந்தா யார் சார் வாடகைக்கு வீடு குடுப்பாங்க?" என்று ஐயங்கார் கேட்டார். தினமும் அத்திப்பள்ளி தாண்டுகிற எங்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உபாகமம் 23-ஆம் அதிகாரம் மோவாபியனைச் சபையில் சேர்க்கக் கூடாது என்கிறது. அப்படியானால் தாவீதின் கதி? பிரசங்கங்களில் இதை 'பழைய சட்டம்' என்று தாண்டிவிடுவார்கள். வந்தவர் தாண்டவில்லை. "சொல்லைப் பாருங்க"ன்னாரு. எபிரேயத்தில் அது ஆண்பால். ஆகவே தடை ஆணுக்குத்தான், பெண்ணுக்கு இல்லை. கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னாவிலேயே இந்தத் தீர்ப்பு இருக்கிறதாம். காரணமும் உண்டு. மோவாபியர்மேல் உள்ள குற்றம், வழிநடந்து வந்தவர்களுக்கு அப்பமும் தண்ணீரும் கொண்டு எதிரே வராதது. வழியில் வந்து எதிர்கொள்வது ஆண்கள் வழக்கம், பெண்களை எப்படிக் குற்றம் சொல்வது என்று தல்மூதில் வாதம் போகிறது.

இன்றைய ஆங்கில பைபிள்கள் பலவற்றில் இது தெரியாது. அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல். நம் தமிழிலோ 'மோவாபியன்' என்று ஓரிடம், 'மோவாபிய ஸ்திரீ' என்று ஓரிடம், பளிச்சென்று நிற்கிறது! தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1719-ல் காலமானபோது பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும்தான் தமிழாக்கியிருந்தார் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு நினைவு வந்தது.

இந்தத் தீர்ப்பைச் சொன்ன ரபிமார் பரிசேயர் மரபில் வந்தவர்கள். நம்மூரில் 'பரிசேயன்' என்றால் வசவு. யூதர் யாரையும் கண்ணால் பார்க்காதவர்களும் சொல்கிறார்கள். இயேசுவின் பாடுகளுக்கு யூதர் எல்லாரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. அறிவிப்பு வந்துவிட்டது, வசவு போகவில்லை.

எங்கள் பெந்தெகொஸ்தே அண்ணன் இதை ஒப்பவில்லை. சட்டத்தை இப்படி வளைப்பதுதான் பரிசேயத்தனம் என்கிறார். அதற்கு வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: பஸ்காவுக்குப் பின் ஐம்பதாம் நாள் வருகிற அறுவடைப் பண்டிகையில்தான் நாங்கள் ரூத்தை வாசிக்கிறோம். அந்தப் பண்டிகையின் கிரேக்கப் பெயர்தானே உங்கள் சபையின் பெயர்!

அண்ணன் இன்னும் பதில் தேடுகிறார். அடுத்து யோனா தொடங்குகிறோம். ஓசூர்ப் பக்கம் வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் வரலாம், டீ உண்டு.