சத்தம் வருமுன்

சில்கபோர்க் அருகே யூலண்ட்ஸ்ரிங்கன் ஓடுபாதையில் கார் ஓட்டும் எங்கட பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். 2001 முதல் 2003 வரை வந்த பிஎம்டபிள்யூ எம்3 கார்கள் பலவற்றில் கனெக்டிங் ரொட் பெயரிங்குகளை, அதாவது பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்து மெல்லிய ஓடுகளை, நிறுவனமே மாற்றிக் கொடுத்தது.

மகனின் கார் வேறு வகை. "சத்தமே இல்லை, ஏன் கழட்டுவான் அப்பா?" என்றான். சத்தம் வந்தால் அநேகமாகக் கிராங்கும் போய்விட்டிருக்கும். ஒயில் தொட்டியை இறக்கினோம். வெடிப்பின் பாரம் தாங்கும் மேல் ஓடுகளில் சாம்பல் நிறப் பூச்சுத் தேய்ந்து செம்பு தெரிந்தது. 8 ஓடுகளும் மாற்றினோம். போல்ட்டுகளும்தான், இழுபட்ட போல்ட்டை நம்பக்கூடாது. முதலில் பற்றவிடாமல் சுழற்றி ஒயில் அழுத்தம் ஏற்றினோம். பிறகு மகன் திறப்பைத் திருப்பிவிட்டுக் காதுகொடுத்து நின்றான்.