கிறிஸ்துமஸ் கேக்கும் 2,200 ரூபாய்க் கணக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)

நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன். மேடையில பேசிப் பழக்கம் இல்ல, அதனால எழுதிக் கொண்டுவந்து வாசிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

கிறிஸ்துமஸ் கேக் செஞ்சு வித்து நல்ல காரியத்துக்குப் பணம் சேர்த்ததைப் பத்தி பேசச் சொன்னாங்க. போட்டோவுல பாத்தா எல்லாம் நல்லா நடந்த மாதிரிதான் இருக்கும். முதல் வருஷம் நல்லா நடக்கல. அதைச் சொல்லாம ரெண்டாவது வருஷத்தைச் சொல்ல முடியாது.

எங்க குழுவுல 14 பேர். பாதிப்பேர் கிறிஸ்தவங்க, பாதிப்பேர் இந்துக்கள். ஒரு உறுப்பினரோட வீட்டுக்காரருக்கு ரெண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ். அரசு ஆஸ்பத்திரிதான், சிகிச்சைக்குப் பணம் இல்ல. ஆனா போய்வரணுமே. அக்காவுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் கிடையாது. அவருக்கு டயாலிசிஸ் முடிஞ்சு எழுந்தா கால் நிக்காது, பஸ்ல ஏத்த முடியாது. ஆட்டோவுக்குப் போகவர 300 ரூபாய். வாரத்துக்கு 600. சிகிச்சை இலவசம்னு நாம லேசா சொல்லிடுறோம். அந்த 600 ரூபாய்க்காக அவங்க வீட்டுல பால் வாங்குறதை நிறுத்தியிருந்தாங்க.

கிறிஸ்துமஸுக்குக் கேக் போட்டு வித்து உதவலாம்னு தீர்மானம் போட்டோம். அஞ்சு பேர் வீட்டுல, அரைக் கிலோ கேக் 40. ஒன்னு 150 ரூபாய்னு 6,000 ரூபாய்க்கு வித்துட்டோம். கடையில சாமான் வாங்கின பில் 3,800. லாபம் 2,200னு நோட்டுல எழுதி, கோயில் வளாகத்துல கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி நடந்தப்ப அந்த அக்காவை மேடைக்குக் கூப்பிட்டு, கவரைக் கையில கொடுத்து, போட்டோ எடுத்து, நான்தான் ஸ்டேட்டஸ்ல போட்டேன்.

அதுக்கப்புறம் மூணு வாரம் அவங்க குழுக் கூட்டத்துக்கு வரல. சேமிப்பை மட்டும் மகன்கிட்ட கொடுத்துவிட்டாங்க. வீட்டுக்காரருக்குச் சுகமில்லன்னு நினைச்சு நானும் எங்க மைனியும் பாக்கப் போனோம். வாசல்லயே நின்னு சொன்னாங்க. "நானும் உங்களை மாதிரி வாராவாரம் சேமிப்புக் கட்டுறவதானே. கேக் போடக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். என்னைக் கூப்பிடாம, ஊர் முன்னால கை நீட்ட வச்சுட்டீங்க."

எனக்குப் பதில் வரல. அவங்க இந்து, கிறிஸ்துமஸ் வேலைக்கு எதுக்குக் கூப்பிடணும்னு நாங்களே முடிவு பண்ணியிருந்தோம். கஷ்டத்துல இருக்கிறவங்களை வேலை வாங்கக்கூடாதுன்னும் ஒரு நினைப்பு. ஸ்டேட்டஸ் போட்டது நான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல.

அடுத்த கூட்டத்துக்கு அவங்க வந்தாங்க. வந்து கணக்கு நோட்டைக் கேட்டாங்க. "கேஸ் எங்கே? முட்டை எங்கே?"ன்னாங்க. எழுதவே இல்ல. உக்காந்து கணக்குப் போட்டோம். அஞ்சு வீட்டுலயும் ஆளுக்கு 16 முட்டை கையில இருந்து போட்டிருக்காங்க, 80 முட்டை 480 ரூபாய். அஞ்சு வீட்டு கேஸும் சேர்த்தா ஒரு சிலிண்டர் அளவு, 950. வீட்டுல இருந்து எடுத்துப்போட்ட அண்டிப்பருப்பு 300. சாமான் ஏத்தின ஆட்டோ 250. மொத்தம் 1,980. மெய்யான லாபம் 220 ரூபாய்!

மீதி எல்லாம் அஞ்சு பேரோட வீட்டுச் செலவுப் பணம். அதுல ஒருத்தங்க அந்த 16 முட்டையைக் கடையில கடன் சொல்லி வாங்கியிருக்காங்க. கேட்டா, "எல்லாரும் கொண்டுவரும்போது நான் மட்டும் இல்லன்னு எப்படிச் சொல்ல?"ன்னாங்க. ஒரு வீட்டுக் கஷ்டத்தைத் தீக்கப் போயி இன்னொரு வீட்டுல கடன் வச்சிருக்கோம்.

ரெண்டாவது வருஷம் நோட்டு அந்த அக்கா கையில. ஒரு சொட்டு எண்ணெய்னாலும் எழுதணும்னு சொல்லிட்டாங்க. எங்க கூலியை மட்டும் எழுதல. அது நாங்க எல்லாருமா ஒத்துக்கிட்டுக் கொடுத்தது.

இப்ப செலவைக் குறைச்ச விதம். உங்களுக்கு இதுதான் வேணும்னு தெரியும்.

முதல்ல அடுப்பு. ஓவன் யார்கிட்டயும் இல்ல. முதல் வருஷம் குக்கர்ல மணல் போட்டு (கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துடணும், மறந்துடாதீங்க) ஒவ்வொரு கேக்கா வேகவச்சோம். ஒன்னுக்கு ஒரு மணி நேரம்னா கேஸ் தீராம என்ன செய்யும்? ரெண்டாவது வருஷம் கல்யாண வீட்டு அலுமினிய அண்டாவுல, கழுவிக் காயவச்ச மணலை நாலு விரல்கடை உயரத்துக்குப் போட்டு, மேல கம்பி ஸ்டாண்டு வச்சு, அஞ்சு டின்னை ஒன்னா இறக்கினோம். கீழே சிரட்டைக் கனல், தட்டு மூடின பிறகு தட்டு மேலயும் கொஞ்சம் கனல். மேல கனல் இல்லன்னா கேக் வெந்தாலும் மேல்பக்கம் வெளுத்துப்போய் இருக்கும். சிரட்டை நம்ம ஊர்ல யார் வீட்டுலதான் இல்ல? முதல் 40 நிமிஷம் தட்டைத் திறக்கவே கூடாது. எங்க வீட்டுப் பிள்ளைங்க வாசனைக்கு ஓடிவந்து திறந்து அஞ்சு கேக் நடுவுல குழிஞ்சுபோச்சு. அதைத் துண்டு போட்டு தோசைக்கல்லுல வாட்டி ரஸ்க் ஆக்கினோம். அதையும் வித்தோம், அதையும் நோட்டுல எழுதினாங்க.

அடுத்து பழம். கடையில கலர் கலரா விக்கிற டூட்டி ஃப்ரூட்டி வேற ஒன்னும் இல்ல, நம்ம ஓமக்காய்தான், பப்பாளிக்காய். காயைச் சீவி, பொடியா நறுக்கி, கண்ணாடி மாதிரி ஆகுறவரைக்கும் வேகவச்சு, சீனிப் பாகுல ஒரு நாள் ஊறவிட்டு, நிழல்ல உலத்தினா முடிஞ்சுது. ஒரு காயும் காசு கொடுத்து வாங்கல. அண்டிப்பருப்பு முழுசா எதுக்கு? எப்படியும் நறுக்கத்தானே போறோம். அண்டி ஆபீஸ்ல வேலைபாக்கிற நம்ம சகோதரி மூலமா உடைஞ்ச பருப்பாவே வாங்கினோம். கிராம்பு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மலையில விளையுது, புவிசார் குறியீடே வாங்கியிருக்கு. கொஞ்சமா வாங்கி வீட்டுலயே பொடிச்சா வாசனை ஊரைக் கூட்டும்.

வைன் போட்டாதான் கிறிஸ்துமஸ் கேக்னு சில பேர் சொன்னாங்க. பிள்ளைங்க சாப்பிடுறது, எல்லா வீட்டுக்கும் போறது, வேண்டாம்னு சொல்லிட்டோம். பன்னீர் திராட்சையைக் கொதிக்கவிட்டுப் பிழிஞ்ச சாறுல ஒரு ராத்திரி பழத்தை ஊறவச்சோம். தலச்சேரியில மாம்பள்ளி பாப்புன்னு ஒருத்தர் 1883-ல ஒரு வெள்ளைக்காரர் கொண்டுவந்த கேக்கைப் பாத்துத் தானே செஞ்சு கொடுத்தாராம், சீமைச் சரக்கு வாங்காம உள்ளூர்ல கிடைச்சதைத்தான் சேர்த்தார்னு சொல்வாங்க. அவர் செஞ்ச மாதிரி நாமளும் கிடைக்கிறதை வச்சுச் செய்யலாம்தானே.

அளவு சொல்றேன், எழுதிக்கோங்க. ரெண்டு அரைக் கிலோ கேக்குக்கு: மைதா 250 கிராம், பொடிச்ச சீனி 200, எண்ணெயும் வெண்ணெயும் பாதிப்பாதியா 200, முட்டை 4, பழமும் பருப்பும் 300, பேக்கிங் பவுடர் ஒன்றரைச் சின்னக் கரண்டி. கருக்குறதுக்குத் தனியா 100 கிராம் சீனி. கேக்குக்கு நிறமும் லேசான கசப்பும் அதுலதான் வருது. அந்தச் சீனி காப்பித்தூள் நிறம் வந்த உடனே கொதிக்கிற தண்ணி அரை டம்ளர் ஊத்தணும், முகத்தைத் தள்ளி வச்சுக்கோங்க, தெறிக்கும். ஒரு நொடி பிந்தினா கரி, முந்தினா வெறும் பாகு. அந்த நொடி எங்க குழுவுல அந்த அக்காவுக்கு மட்டும்தான் தெரியுது. நாங்க எல்லாரும் கரண்டியோட தள்ளி நிப்போம்.

முட்டை சாப்பிடாதவங்களுக்குத் தயிர் சேர்த்துத் தனியா போட்டோம். முட்டை சேர்த்ததுல அசைவக் குறி ஒட்டணும். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டினோம். வீட்டுல செஞ்சதுதானேன்னு விட்டுடாதீங்க.

50 ரூபாய் முன்பணம் வாங்கி ஆர்டர் எடுத்த பிறகுதான் அடுப்பு மூட்டினோம். 60 கேக். எல்லாச் செலவும் சேர்த்து ஒன்னுக்கு 115 ரூபாய் ஆச்சு. 200க்கு வித்தோம். முதல் வருஷம் வாங்கினவங்க "என்ன, 50 ரூபாய் ஏத்திட்டீங்க?"ன்னு கேட்டாங்க. நோட்டை எடுத்துக் காட்டினோம். ஒருத்தர் மட்டும் வாங்காம போனார், போகட்டும். கையில நின்னது 5,100. 17 தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்வரலாம்.

கவர் கொடுக்கல. பணம் குழுக் கணக்குல இருந்துச்சு. ஆட்டோக்கார அண்ணனுக்கு மாசக் கடைசியில நாங்க நேரா கொடுத்தோம். எத்தனை தடவைன்னு அக்கா நோட்டுல டிக் போட்டாங்க. போட்டோ எடுக்கல.

இந்தப் பேச்சை எழுதினதும் முதல்ல அவங்ககிட்டதான் வாசிச்சுக் காட்டினேன். சொல்லலாமான்னு கேட்டேன். ஒரு வரியை அடிக்கச் சொன்னாங்க, அடிச்சிட்டேன். மீதியைச் சொல்லுன்னாங்க.

இந்த வருஷம் 100 கேக் போடலாம்னு இருக்கோம். எங்ககிட்ட அண்டா ஒன்னுதான் இருக்கு. கூட்டமைப்பு ஸ்டோர்ல ரெண்டு பெரிய அண்டா சும்மா கிடக்குறதைப் பாத்தேன். தலைவி அக்கா டிசம்பர் மாசத்துக்கு மட்டும் தந்தா, மணல் கறை இல்லாம தேய்ச்சுத் திருப்பித் தருவோம். வெளியில மேசையில மாதிரிக்குக் கேக் வச்சிருக்கு. துண்டு 10 ரூபாய், நோட்டுல எழுதிட்டுத்தான் தருவாங்க, சில்லறையா கொண்டுபோங்க.